வேலிக்கம்பி வைத்த பொத்தான்

ஏப்ரல் 2, 2024, செவ்வாய்

காலை வண்டியில் முப்பத்தொரு பிள்ளைகள். பாலத்தருகே ஒரே சேறு, பஸ் ஒரு தரம் வழுக்கியது, பின்சீட்டில் ஆரவாரம். எட்டரைக்கு எல்லோரையும் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பினேன். இதெல்லாம் தினமும் நடப்பதுதான். இன்று வேறு ஒன்றும் நடந்தது.

வென்டெல் டைகர்ட் சம்மதித்துவிட்டார்!

இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம். பதினோரு வசந்தத்திலும் போய்க் கேட்டிருக்கிறேன்: உங்கள் ஆலை மேட்டு நிலத்தில் உலோகம் தேடும் என் கருவியோடு கொஞ்சம் நடக்கலாமா? மனிதர் வாயைக்கூடத் திறக்க மாட்டார், மாட்டேன் என்று தலையைத்தான் ஆட்டுவார். இன்று தபால் பெட்டி பக்கம் நின்றிருந்தார். பழக்கதோஷத்தில் பஸ்ஸை நிறுத்திக் கேட்டேன். சரி என்றார். என் காதில் கோளாறோ என்று இன்னொரு தரம் கேட்டேன். அதற்கும் சரி என்றார்.

காரணம் இருக்கிறது. ஒன்பது ஏக்கரையும் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். மே 13 அன்று இரும்புத் தூண் அடிக்க இயந்திரம் வருகிறது. அப்புறம் சுற்றிலும் கம்பி வேலி, முப்பது வருடத்துக்கு யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. எனக்கு அறுபத்தொன்று. கணக்குப் போட வேண்டியதே இல்லை, இதுதான் கடைசி வாய்ப்பு.

இரண்டு நிபந்தனை போட்டார். அன்றன்று கிடைத்தது அத்தனையும், குப்பை உட்பட, கிளம்பும்போது அவரிடம் காட்ட வேண்டும். அவர் பார்க்காமல் எதுவும் பண்ணையை விட்டு வெளியே போகக் கூடாது. சந்தேகப் பிராணி. இருந்துவிட்டுப் போகட்டும்.

1777 இலையுதிர் காலத்தில், விடுதலைப் போரின்போது, அமெரிக்கப் படை ஒன்று மூன்று வாரம் முகாம் போட்டது ஆற்றின் இந்தக் கரையில்தான் என்று தொண்டை வற்றச் சொல்லி வருகிறேன். அந்தப் படையில் இருந்த ஒருவனின் கடிதத்தில் 'ஆலைக்கு மேலே, காய்ந்த மேட்டில்' என்று இருக்கிறது. ஆலை இந்தக் கரையில். 'முகாம் இங்கே' என்ற அறிவிப்புப் பலகையோ அந்தக் கரையில், லைமன் ஹேக்கின் ஊரில் நிற்கிறது. கருவியோடு பழம்பொருள் தேடுகிற எங்கள் சங்கத்துக்கு லைமன்தான் தலைவர். நான் பேச ஆரம்பித்தாலே காபி எடுக்க எழுந்து போய்விடுவார்.

எனக்கு ஒரே ஒரு பொருள் போதும். அந்தப் படையுடையது என்று யாராலும் மறுக்க முடியாத ஒன்று. நாற்பத்தொரு நாள் இருக்கிறது.

ஏப்ரல் 4, வியாழன்

முதல் நாள். ஆணி, ஆணி, மேலும் ஆணி. அந்த மேட்டில் ஒரு காலத்தில் பெரிய களஞ்சியம் எரிந்து விழுந்ததாம். இரும்பைக் காதில் வாங்காதபடி கருவியைத் திருகி வைத்த பிறகுதான் நிம்மதியாக நடக்க முடிந்தது. கிடைத்தவை: டிராக்டரின் பித்தளைத் திருகு ஒன்று, பித்தளைக் குமிழ் ஒன்று, பீர் டப்பா மூடிகள்.

வென்டெல் தன் டிரக்கின் பின்பலகையில் எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார். ஒற்றை விரலால் ஒவ்வொன்றையும் புரட்டினார். "அவ்வளவுதானா?" என்றார். வேறு என்ன, பீரங்கியா கிடைக்கும்?

ஏப்ரல் 8, திங்கள்

பூட்ஸைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

சூரிய கிரகணம் என்று பள்ளிக்கு விடுமுறை. ஊர் முழுக்க அட்டைக் கண்ணாடியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நடந்தேன். மூன்றேகாலுக்கு மேல் வெளிச்சம் மங்கியது. வானத்தில் மேகம்தான். அந்த நேரத்தில் காதில் ஒரு சத்தம், வட்டமாக, மென்மையாக. ஆறு அங்குலம் தோண்டினேன். சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான். மண்ணைத் தட்டினால் ஒன்றோடொன்று பின்னிய மூன்று எழுத்து: யு.எஸ்.ஏ.

கத்தினேன். கொட்டகையிலிருந்த மாடுகள் பதிலுக்குக் கத்தின.

எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கத் துடித்தது மனசு. அப்படித் தேய்த்தே எத்தனை பேர் எத்தனை பொத்தானின் முகத்தை அழித்திருக்கிறார்கள். தேய்க்கவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வென்டெல் அதை வாங்கினார். முகப்பைப் பார்க்கவே இல்லை! திருப்பி முதுகை மட்டும் பார்த்தார். "நல்லா இருக்கு பஸ்ஸம்மா," என்று திருப்பித் தந்தார். நாட்டின் முதல் படை போட்டிருந்த பொத்தானைக் கொண்டுபோய் நீட்டினால் இவ்வளவுதான் மரியாதை.

ஏப்ரல் 10, புதன்

மழை. பொத்தானைப் பதினேழு தரம் எடுத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 13, சனி

இன்னும் இரண்டு! ஒரே நாளில்! இரண்டு ஈயக் குண்டும் சேர்ந்து! கொடி நட்டு, கட்டம் போட்ட தாளில் இடத்தைக் குறித்துக்கொண்டேன். மூன்று பொத்தானும் நாற்பது அடிக்குள். கூடாரம் வரிசையாக நின்றிருக்கிறது, வேறென்ன?

தனியாக ஒரு ஆட்டம் போட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ரப்பர் பூட்ஸோடு.

வென்டெல் இன்றும் முதுகை மட்டும் பார்த்தார். திங்களன்று கண்புரை அறுவைக்காக சிராக்யூஸில் மகள் வீட்டுக்குப் போகிறாராம். வர ஒரு வாரம் ஆகும். அதுவரை கிடைப்பதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும், அவர் வந்து பார்க்கும்வரை யாரிடமும் காட்டக் கூடாது என்றார். சரி என்று தலையாட்டினேன்.

ஏப்ரல் 17, புதன்

கிடைத்தே விட்டது. இனி லைமன் எந்தக் காபியை எடுக்கப் போவார் பார்க்கிறேன்.

நேற்று கொட்டிய மழை உழுத மேட்டைக் கழுவிவிட்டிருந்தது. கருவியை வீசிக்கொண்டே வந்தவள் கண்ணில் பட்டது, மண்கட்டியின் மேல், சும்மா, எடுத்துக்கொள் என்பது போல. பொத்தான்தான். ஆனால் மற்ற மூன்றையும் போல அச்சில் வார்த்த அழகு இல்லை. ஓரம் கோணல், எழுத்து தடிமன், வெள்ளீயம் ஒரு பக்கம் வழிந்திருக்கிறது. பின்னால் வளையத்துக்குப் பதிலாகத் துருப்பிடித்த கம்பித் துண்டு.

கையால் செய்தது! பொத்தான் அறுந்துபோன ஒரு சிப்பாய், முகாம் நெருப்பில், கரண்டியில் வெள்ளீயத்தை உருக்கி, தானே வார்த்துக்கொண்டது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினோரு வருடம் காத்திருந்தது இதற்காகத்தான்.

நாளை சங்கக் கூட்டம். வென்டெல் வர இன்னும் ஐந்து நாள் ஆகும். அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஒரு சாயங்காலம்தானே, எடுத்துப்போய்க் காட்டிவிட்டுப் பத்திரமாகக் கொண்டு வந்துவிடுவேன். இதை ஐந்து நாள் பொத்தி வைக்க நான் என்ன சாமியாரா?

ஏப்ரல் 18, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதித்தான் தீர வேண்டும்.

தீயணைப்பு நிலைய ஹால். இருபத்துமூன்று பேர். வெல்வெட் துணி விரித்து நான்கு பொத்தானையும் வைத்தேன். டைகர்ட் நிலம் என்று முதல் தடவையாக வாய் திறந்து சொன்னேன். பலகையைப் பிடுங்கி ஆற்றைத் தாண்டி நட வேண்டியதுதான் என்றும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். லைமன் வந்து குழி தோண்டித் தரட்டும் என்று வேறு சொல்லித் தொலைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பறப்பது மாதிரி இருந்தது.

லைமன் பூதக்கண்ணாடியோடு எழுந்து வந்தார். கோணல் பொத்தானைத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. ஏளனம் இல்லை, அதுதான் இன்னும் மோசம், பரிதாபம்.

"மார்லிஸ், இந்தக் கம்பியைப் பார்த்தியா? இது நாகம் பூசின வேலிக்கம்பி. எங்க மாட்டுக்கொட்டகையில சுருள் சுருளாக் கிடக்கு," என்றார். பிறகு மெதுவாக, "எழுபத்தாறு, ஜூலை நாலு. நாட்டுக்கு இருநூறு வயசுன்னு டைகர்ட் நிலத்துல வேஷம் கட்டிப் பொய்ச்சண்டை போட்டாங்க. எனக்கு அப்போ பன்னண்டு வயசு, எங்க மாமா கூட்டிட்டுப் போனாரு. இதெல்லாம் அவங்க உதுத்துட்டுப் போனது. உரம் போட்ட மண்ணு எதையும் சீக்கிரம் கிழவனாக்கிரும்."

முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன். நீ எந்த நிலம் என்று என்றைக்காவது சொன்னாயா என்று கேட்டார். உண்மைதான். எங்கள் ஆட்கள் யாரும் எங்கே தோண்டுகிறோம் என்று மூச்சு விட மாட்டோம். அடுத்தவன் வந்து அள்ளிவிடுவானே! இந்த மூடு மந்திரம்தான் என்னைக் கவிழ்த்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தாவது தொலைத்திருக்கலாம்.

ஏப்ரல் 19, வெள்ளி

கொடிகளைப் பிடுங்கப் போனேன். வேலிக் கதவருகே நின்று அந்தக் கோணல் பொத்தானை எடுத்தேன். நேற்று முன்தினம் இதைப் பார்த்து அழுதவள் நான்! பலம் அத்தனையும் திரட்டி நிலத்துக்குள் வீசி எறிந்தேன். எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. போய்த் தொலையட்டும்.

மீன் வறுவல் வாங்கி வந்து பஸ் கொட்டகையிலேயே சாப்பிட்டேன். ருசியே இல்லை.

ஏப்ரல் 22, திங்கள்

வசந்த விடுமுறை, ஒரு வாரம் பஸ் கிடையாது. வென்டெல் வந்துவிட்டார், ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு. மிச்சமிருந்த பொத்தான் மூன்றையும் குப்பைப் பையையும் அவரிடம் கொடுத்தேன். எல்லாம் போலி, நீங்களாவது சொல்லியிருக்கலாம், எழுபத்தாறில் இங்கே கூத்து நடந்ததாமே என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

அவர் பையைக் கொட்டிக் கிளறினார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் டிரக் படியில் உட்கார்ந்துகொண்டார். பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய அத்தனையையும் சேர்த்தாலும் இன்று பேசியதில் பாதி வராது.

அண்ணன் ஒருவர் இருந்தாராம், ஆல்ட்டன். பத்தொன்பது வயது. அந்தப் பொய்ச்சண்டைக்கு மற்றப் பையன்கள் கடையில் பொத்தான் வாங்கினார்கள். இவர்கள் அப்பா முடியாது என்றுவிட்டார். ஆல்ட்டன் அம்மாவின் வெள்ளீய ஜாடியை அடுப்பில் உருக்கித் தானே வார்த்தாராம். கன்றுக்குட்டிக் கொட்டகை வேலியிலிருந்து கம்பி வெட்டி வளையம் வைத்தாராம். அம்மா திட்டித் தீர்த்துவிட்டுக் கடைசியில் சிப்பாய்க் கோட்டு ஒன்றை அவளே தைத்துக் கொடுத்தாள். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஊரையே மூன்று சுற்று சுற்றினாராம் ஆல்ட்டன்.

அதே அக்டோபரில் தீவனம் சேமிக்கும் உயரமான சைலோவுக்குள் இறங்கியவர் மேலே வரவில்லை. உள்ளே விஷ வாயு.

"அந்தக் கோட்டைப் போட்டுத்தான் அனுப்பணும்னு அம்மா சொல்லிட்டா. எடுத்துப் பார்த்தா ஒரு பொத்தான் இல்ல. சண்டை போட்ட அன்னிக்கு நிலத்துலதான் விழுந்திருக்கும், போய்த் தேடிட்டு வான்னு என்னை அனுப்பினா. எனக்குப் பதினஞ்சு வயசு. உழுது போட்டிருந்தாங்க. மூணு நாள் முட்டி போட்டுத் தேடினேன்," என்றார் வென்டெல். "கிடைக்கல. அவ தன்னோட சர்ச் கோட்டுல இருந்து ஒரு கறுப்புப் பொத்தானைப் பிச்சு வெச்சுத் தைச்சா. சாகிற வரைக்கும் அதைச் சொல்லிக்கிட்டே இருந்தா."

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன். 

"சொல்லியிருந்தா, நீங்க நல்ல மனசுக்காரங்க, ஆறுதலுக்கு எதையாவது கொண்டாந்து என் கையில வெச்சிருவீங்க. எனக்கு அது வேணாம்."

கம்பி வைத்தது ஒன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்டார். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.

பாவி. பாவி. என்ன வாய் இது? எறிஞ்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல வரலையே எனக்கு. அந்த மனுஷன் ஒத்தைக் கண்ணால என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

ஏப்ரல் 23, செவ்வாய்

காலை ஆறிலிருந்து மாலை ஏழு வரை. இல்லை.

ஏப்ரல் 24, புதன்

இல்லை. மானத்தை விட்டு லைமனைக் கூப்பிட்டேன். என்ன செய்தேன் என்று சொன்னேன், கேட்டுக்கொண்டார். சங்கத்தில் சொல்லிச் சிரிப்பாரோ என்று பயந்தேன். நாளைக்குக் காலை எட்டு மணிக்கு வருகிறேன், சாண்ட்விச் நீ கொண்டுவா என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 25, வியாழன்

இப்படி ஒரு நாளை நான் கண்டதில்லை. துக்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

லைமன் ஒரு பை நிறைய வெள்ளீயப் போலிப் பொத்தான் கொண்டுவந்திருந்தார், அதே எடை, சிவப்புச் சாயம் பூசி. நான் நின்ற அதே இடத்தில் நின்று, எறிந்த மாதிரியே எறிய வேண்டும், விழும் இடத்தைச் சுற்றித் தேட வேண்டும் என்பது திட்டம். பத்து எறிந்தேன். பத்தும் இருபது அடியில் விழுந்தன.

"தாயே, நீ அன்னிக்கு எறிஞ்சது கோபத்துல. இது கோழிக்குத் தீனி போடுற மாதிரி இருக்கு. கோபமா எறி," என்றார்.

கோபம் வந்தால்தானே? அழுகைதான் வருகிறது என்றேன். அவர் தாடையைச் சொறிந்தபடி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் பலகைக்கு இந்த மாதம் புதுப் பெயின்ட் அடிக்கப் போவதாகச் சொன்னார். பொன் நிற எழுத்தாம். திறப்பு விழாவுக்கு நான்தான் கேக் சுட வேண்டுமாம்.

அடுத்த பொத்தான் எழுபது அடி போனது.

அந்த எழுபது அடியைச் சுற்றிக் கயிறு கட்டி, கட்டம் கட்டமாக இருவரும் நடந்தோம். சிவப்புப் பொத்தான் எல்லாமே கிடைத்தன. அது மட்டும் இல்லை.

ஏப்ரல் 27, சனி

லைமன் இன்று சொன்னது: "எங்கிட்ட அச்சு இருக்கு, வெள்ளீயம் இருக்கு, அதே வேலிக்கம்பியும் இருக்கு. ஒரு சாயங்காலம் போதும். ரெண்டு நாள் சாணியில புதைச்சு எடுத்தா அந்தக் கண்ணு தெரியாத மனுஷன் என்ன கண்டுபிடிக்கப் போறாரு? அவருக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். அந்த முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்துவிட்டு நானும் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அந்த மனிதர் வேண்டாம் என்று சொன்னது இது ஒன்றைத்தான். இதற்குப் பயந்துதானே வாயையே திறக்காமல் இருந்தார்!

முடியாது என்றேன். லைமன் வற்புறுத்தவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: கிடைத்தது, உங்கள் பேச்சை மீறி வெளியே எடுத்துப் போனேன், பெருமை பீற்றினேன், அவமானப்பட்டேன், கோபத்தில் வீசிவிட்டேன். ஒன்றையும் விடவில்லை. கறவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

கையை நிறுத்தாமல் அந்த மாட்டை முடித்தார். பிறகு, "மூணு நாள் வெறுங்கையால தேடினேன் நான். உங்ககிட்ட கருவி இருக்கு," என்றார். அடுத்த மாட்டுக்குப் போய்விட்டார்.

திட்டியிருக்கலாம். நிலத்தை விட்டுப் போ என்று சொல்லியிருக்கலாம். காரில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

மே 3, வெள்ளி

பள்ளி நாட்கள். ஒன்பதரையிலிருந்து ஒன்றரை வரை தேடுகிறேன், பிள்ளைகளை இறக்கிவிட்டு மறுபடி போகிறேன். இன்று கம்பெனி ஆட்கள் வந்து தூண் இடங்களுக்கெல்லாம் குச்சி நட்டு இளஞ்சிவப்பு நாடா கட்டிவிட்டார்கள். நான் கயிறு கட்டிய கட்டத்துக்குள் மட்டும் பதினான்கு குச்சி. வென்டெல் வாசல் பக்கம் வருவதே இல்லை.

மே 6, திங்கள்

மடச்சி! நான் ஒரு முழு மடச்சி!

பள்ளி வாசலில் மணி அடிக்கக் காத்திருந்தேன். அன்று அது கிடைத்ததை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன், மழை, மண்கட்டி, கண்ணில் பட்டது… கண்ணில் பட்டது. ஹெட்போன் காதில்தான் இருந்தது. கருவி அதன் மேலேயே போயிருக்கிறது. சத்தம் வரவே இல்லை! அன்றைக்கு நான் அதை யோசித்தேனா? இல்லை, கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

வேலிக்கம்பி. இரும்பு. இரும்பைக் கேட்காதே என்று நானே முதல் நாள் திருகி வைத்தேன். லைமனும் அப்படித்தான் வைத்திருக்கிறார், இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். இரண்டு வாரமாக அதன் தலைமேல் நடந்திருக்கிறோம், கருவி அதை ஆணி என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது.

சாயங்காலம் லைமன் வீட்டு முற்றத்தில் சோதித்தோம். சிவப்புப் பொத்தான் ஒன்றை வீசினோம்: நல்ல சத்தம். அதன் முதுகில் ஒரு துண்டு வேலிக்கம்பியை முறுக்கி வைத்தோம்: மௌனம். மறுபடி: மௌனம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். லைமன் தலையிலிருந்து தொப்பியை எடுத்துத் தரையில் அடித்தார்.

எனக்கு சந்தோஷத்தில் நெஞ்சு வெடிக்கிறது. அங்கேதான் இருக்கிறது. இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

மே 7, செவ்வாய்

இரும்பும் கேட்கும்படி கருவியைத் திருகி வைத்து நடந்தோம். ஒரே கூச்சல்! காலடிக்கு ஒரு ஆணி. ஒவ்வொன்றையும் தோண்டித்தான் பார்க்க வேண்டும், வேறு வழி இல்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு ஆணி. லைமனின் முட்டி பாதியில் கைவிட்டது. நாளைக்கு வர முடியாது என்றார், வர முடியாததற்கு மன்னிப்பும் கேட்டார்.

மே 8, புதன்

தனியாகத் தோண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ பால் வாளியை வைத்தார்கள். வென்டெல். கண்ணில் அந்த மூடி இல்லை, புதுக் கண்ணாடி. லைமன் போன் செய்து இரும்பு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

 முட்டி போட்டு உட்கார்ந்தார். கருவி கத்தும் இடத்தை நான் காட்டுவேன், அவர் கையால் மண்ணைக் கிளறுவார், ஆணியை எடுத்து வாளியில் போடுவார். பிறகு அடுத்தது. இரண்டு வாளி நிறைந்தது.

மே 9, வியாழன்

பதினொன்றே முக்கால். அறுபத்தெட்டாவது அடி, இளஞ்சிவப்புக் குச்சிக்கு ஒரு சாண் இடதுபுறம்.

கருவி கத்தியது, ஆணி மாதிரியேதான் கத்தியது. காட்டினேன். அவர் விரலை விட்டார், இரண்டு அங்குலம்கூட இல்லை. எடுத்தார். வாளியில் போடவில்லை.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. மண் அப்பிய உருண்டையைத் திருப்பி, கட்டை விரல் நகத்தால் முதுகைத் தடவினார். கம்பி இருந்தது. அப்படியே தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தேன். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, ஓட வேண்டும்போல இருந்தது. இரண்டு எழுத்து தெரிகிற வரைக்கும் அவர் அதைத் துடைத்தார். எச்சில் தொட்டுத்தான் துடைத்தார். நான் தடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் தெரியாது. மதிய வண்டிக்குக் கால் மணி தாமதம். பள்ளி அலுவலகத்தில் திட்டு வாங்கினேன், சிரித்துக்கொண்டே வாங்கினேன்.

மே 10, வெள்ளி

லைமனிடம் சொன்னேன். போனிலேயே ஒரு விசில் அடித்தார். அப்புறம், முகாம் இன்னும் அந்தக் கரையில்தான் என்றார். அந்த இரண்டு ஈயக் குண்டுக்கும் என்ன பதில் என்று கேட்டேன். வேட்டைக்காரன் சுட்டது என்கிறார். வேஷக்காரர்கள் குண்டு போட்டுச் சுட மாட்டார்கள், வேட்டைக்காரன் வந்ததற்கு என்ன ஆதாரம்? நான் விடுவதாக இல்லை. இந்த மேடுதான்.

மே 12, ஞாயிறு

அன்னையர் தினம். காலையில் வென்டெல் போன் செய்தார், பதினோரு வருடத்தில் முதல் தடவை. சிறிய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வர முடியுமா என்று கேட்டார்.

சர்ச் முடிந்து நிறையப் பேர் பூந்தொட்டியோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். வென்டெல் கழுத்தில் டை எல்லாம் கட்டி வந்திருந்தார். டைகர்ட் கற்கள் வேலியோரம் வரிசையாக இருந்தன. ஆல்ட்டன் பெயரைப் பார்த்ததும் அங்கே முட்டி போட்டு, புல்லை வட்டமாக வெட்ட மண்வெட்டியை ஊன்றினேன்.

"அங்க இல்ல," என்றார். பக்கத்துக் கல்லைக் காட்டினார். "இங்க. தேடிட்டு வரச் சொன்னது அம்மாதானே."

அம்மாவின் கல்லருகே புல்லைத் தட்டு போல வெட்டி, வேர் அறாமல் தூக்கி வைத்தேன். ஒரு சாண் ஆழம் தோண்டினேன். இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் குழி தோண்டியிருப்பேன், ஒன்றிலாவது எதையும் வைத்ததில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். கீழே போட்டுவிடுவாரோ என்று பயந்தேன். போடவில்லை. குனிந்து தானே வைத்தார்.

"கிடைச்சிருச்சும்மா," என்றார்.

நான் மண்ணைத் தள்ளி, புல்லை மூடி, உள்ளங்கையால் அழுத்தினேன். தோண்டிய இடம் தெரியவில்லை. அவரை அங்கேயே விட்டுவிட்டு, மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டு கார் வரை நடந்தேன்.